குடும்பத்தோடு ஊர் மாறுவதற்கு முன்: நம்பியோ தளத்தின் ஒப்பீடு எவ்வளவு தூரம் உதவும்?

செலவு குறைந்த நகரம் ஒன்றுக்குக் குடும்பத்தோடு குடிபெயரலாமா என்று யோசிக்கத் தொடங்குபவர்கள் பலரும் முதலில் போய் நிற்கும் இடம் நம்பியோ என்ற இணையதளம். முன்பு கூகுளில் பணியாற்றிய செர்பிய மென்பொருள் பொறியாளர் மிலாடன் அடமோவிச் 2009-இல் தொடங்கிய இந்தத் தளம், உலகெங்கும் உள்ள நகரங்களின் விலைவாசியைப் பெரும்பாலும் பொதுமக்களிடமிருந்தே திரட்டி, யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஊர் மாறும் பேச்சு எழுந்த நாளிலிருந்து நான் இதைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். விலைப் பட்டியல் என்ற அளவில் இதற்கு நல்ல மதிப்பெண் தருவேன். ஆனால் போகலாமா, வேண்டாமா என்ற கேள்விக்கு இதன் முகப்பில் கிடைக்கும் விடையை எந்தக் குடும்பமும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

அந்த விடை எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு நகரங்களின் பெயரைக் கொடுத்தவுடன், இங்கே இவ்வளவு பணத்தில் நீங்கள் வாழும் வாழ்க்கையை அங்கே வாழ இவ்வளவு பணம் தேவைப்படும் என்று ஒரே வாக்கியத்தில் தளம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அதை ஒட்டியே சிறிய விளக்கமும் இருக்கிறது: இரண்டு ஊர்களிலும் நீங்கள் வாடகை வீட்டில் இருப்பதாகவும், சொல்லப்படும் தொகை வருமான வரி போகக் கையில் வரும் பணம் என்றும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கு போடப்பட்டிருக்கிறது என்பதே அந்த விளக்கம். தீர்ப்பைப் படித்த மகிழ்ச்சியில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சொந்த வீட்டில் இருப்பவருக்கு இந்த வாக்கியம் பொருந்தாது. வரி விகிதம் வேறாக உள்ள மாநிலத்துக்கோ நாட்டுக்கோ போகிறவர், வரி போக மிஞ்சுவது எவ்வளவு என்பதைத் தாமே தனியாகக் கணக்கிட்டுக்கொண்டு வர வேண்டும்.

வாடகை இந்தக் கணக்கை எவ்வளவு ஆட்டி வைக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். ஒரு குடும்பத்தின் மாதச் செலவு மொத்தம் 100 பங்கு என்றும், அதில் வாடகை 35 பங்கு, மற்றவை 65 பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். புதிய ஊரில் வாடகை பாதியாகவும், ஏனைய விலைகள் 10 சதவீதம் குறைவாகவும் இருந்தால் மொத்தச் செலவு 76 பங்காக இறங்கும். மிச்சமாகும் 24 பங்கில் 17.5 பங்கு வாடகையிலிருந்து மட்டுமே வருகிறது. கடனை அடைத்து முடித்த சொந்த வீட்டில் வசிக்கும் குடும்பம், அங்கேயும் தனக்கென ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு குடியேறினால், மாதச் செலவில் மிச்சமாவது வெறும் 6.5 பங்கு. பேருந்தும் ரயிலும் போதிய அளவில் ஓடாத ஊராக அது அமைந்து, வீட்டுக்கு இரண்டாவது வண்டி தேவைப்பட்டால், அந்த 6.5 பங்கு தவணையிலும் எரிபொருளிலும் காப்பீட்டிலும் கரைந்துபோய், மேற்கொண்டு கையையும் கடிக்கும். பழைய வீட்டை விற்றோ வாடகைக்கு விட்டோ வரும் பணத்தையும் சேர்த்தால் கணக்கு வேறு மாதிரி திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கைத் தளம் நமக்காகப் போட்டுத் தருவதில்லை.

ஆகவே முகப்பு வாக்கியத்தைக் கடந்து, கீழே உள்ள வரிகளுக்குச் செல்வதே இந்தத் தளத்தைப் பயன்படுத்தும் சரியான முறை. நகர மையத்தில் ஒரு படுக்கையறை வீட்டின் வாடகை, மையத்துக்கு வெளியே மூன்று படுக்கையறை வீட்டின் வாடகை, 85 சதுர மீட்டர் வீட்டின் மின்சார, தண்ணீர்க் கட்டணங்கள், பொதுப் போக்குவரத்தின் மாதச் சீட்டு என்று ஒவ்வொன்றும் தனி வரியாக, சராசரி விலையோடும் அதன் கீழ் எல்லை, மேல் எல்லையோடும் தரப்பட்டிருக்கிறது. சராசரியை விட இந்த எல்லைகளே எனக்குப் பயன்பட்டன. மூன்று படுக்கையறை வீட்டின் வாடகையில் மேல் எல்லை கீழ் எல்லையைப் போல் இரண்டு மடங்காக இருந்தால், அந்த ஊரில் எந்தப் பகுதியில் குடியிருப்போம் என்பதை முடிவு செய்யாமல் ஊரைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. பிள்ளைகளின் பள்ளியும் பெற்றோரின் வேலையிடமும் எந்தப் பகுதியில் அமையும் என்பதுதான் குடும்பம் உண்மையில் கொடுக்கப்போகும் வாடகையைத் தீர்மானிக்கிறது.

எண்களின் நம்பகத்தன்மை பற்றியும் சொல்ல வேண்டும். யார் வேண்டுமானாலும் விலையைப் பதியலாம் என்பதால், தவறான பதிவுகளை நீக்க நம்பியோ வடிகட்டும் முறைகளை வைத்திருக்கிறது. ஒரு பொருளுக்கு 5, 6, 20, 4 என்று விலைகள் வந்திருந்தால் ஒட்டாமல் நிற்கும் 20 தள்ளப்படும். மற்றொரு வடிகட்டி, வந்தவற்றில் மேலே உள்ள கால் பங்கையும் கீழே உள்ள கால் பங்கையும் ஒதுக்கிவிட்டு நடுவில் உள்ளவற்றுக்குச் சராசரி காண்கிறது. முறை ஏற்கத்தக்கதே. ஆனால் போதிய பதிவுகள் இருந்தால்தான் வடிகட்டுவதற்கே ஏதாவது இருக்கும். கடந்த 12 மாதங்களில் எத்தனை பேர் எத்தனை விலைகளைப் பதிந்தார்கள் என்பதை ஒவ்வொரு நகரத்தின் பக்கத்திலும் தளம் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. பெருநகரங்களுக்குப் பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. செலவைக் குறைக்க நினைக்கும் குடும்பங்கள் தேடிப் போகும் நடுத்தர நகரங்களுக்கோ விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் பதிந்ததே பல நேரங்களில் முழுக் கணக்காகிவிடுகிறது. நமக்கு மிகவும் தேவையான இடத்தில்தான் தரவு மெலிந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்களுக்கு, வீட்டு வாடகை விளம்பரங்களை நேரடியாகப் பார்த்துத் தொகுத்துக்கொள்வதே மேல்.

குடும்பம் என்று வரும்போது தளத்தின் குறைகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு வாடகை நீங்கலாக மாதம் இவ்வளவு ஆகும் என்று ஒவ்வொரு நகரத்தின் பக்கத்திலும் ஒரு தொகை இருக்கும். அந்த நான்கு பேரின் வயது என்ன என்பதற்கு அந்தத் தொகையில் விடை இல்லை. கைக்குழந்தையும் அதற்கு மூத்த குழந்தையும் உள்ள வீட்டின் செலவும், கல்லூரி வாசலில் நிற்கும் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டின் செலவும் எப்படி ஒன்றாகும்? பிள்ளைகளுக்கென்று இருப்பவை இரண்டே வரிகள்: தனியார் மழலையர் பள்ளியின் மாதக் கட்டணமும், சர்வதேசத் தொடக்கப்பள்ளியின் ஆண்டுக் கட்டணமும். இடைப்பட்ட தனியார் பள்ளிகளைப் பற்றியோ கல்லூரியைப் பற்றியோ எதுவும் இல்லை. லீவைஸ் 501 ஜீன்ஸுக்கும், 20 சிகரெட் அடங்கிய மார்ல்பரோ பெட்டிக்கும், புதிய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபுக்கும் இடம் ஒதுக்கியிருக்கும் பட்டியலில், மருத்துவக் காப்பீட்டுக்கும் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வருபவரின் சம்பளத்துக்கும் இடமில்லை. ஒரு குடும்பத்தின் மாதக் கணக்கைத் திடீரென்று புரட்டிப் போடக்கூடிய செலவுகள் இவைதாம்.

இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது தளத்திலேயே இருக்கும் செலவு மதிப்பீட்டுக் கருவி. வீட்டில் எத்தனை பேர், வெளியே எவ்வளவு சாப்பிடுகிறீர்கள், கார் ஓட்டுகிறீர்களா, பேருந்தில் போகிறீர்களா, விடுமுறைப் பயணத்துக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டு, அதற்கேற்ப மதிப்பிட்டுச் சொல்கிறது. இதைப் பயன்படுத்துகிறவர்களுக்கு என் யோசனை: இப்போது வசிக்கும் ஊருக்கே முதலில் இதை ஓட்டிப் பாருங்கள். வரும் தொகையை உங்கள் வங்கிக் கணக்கின் ஓராண்டுச் செலவோடு ஒப்பிட்டால், கருவி உங்கள் குடும்பத்தை எந்தப் பக்கம், எவ்வளவு தவறாக மதிப்பிடுகிறது என்பது தெரிந்துவிடும். அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டே அடுத்த ஊரின் எண்ணைப் படிக்க வேண்டும்.

வீட்டு விலைக்கான பிரிவும் கவனமாகப் படிக்க வேண்டியது. வீட்டின் விலை எத்தனை ஆண்டுக் குடும்ப வருமானத்துக்குச் சமம் என்று காட்டும் விகிதம் அதில் இருக்கிறது. அதற்காக வீட்டின் பரப்பு 90 சதுர மீட்டர் என்றும், குடும்ப வருமானம் சராசரிச் சம்பளத்தைப் போல் ஒன்றரை மடங்கு என்றும் கொள்ளப்படுகிறது. பெண்களில் பாதிப் பேர் வேலைக்குப் போவதாக வைத்துக்கொண்டதால் வந்த ஒன்றரை அது. எந்த வீட்டிலும் அரை ஆள் வேலைக்குப் போவதில்லை. இரண்டு சம்பளமும் வருகிற குடும்பத்துக்கு இந்த விகிதம் நிலைமையை மிகைப்படுத்தும், ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்குக் குறைத்துக் காட்டும். ஊர் மாறும்போது இருவரில் ஒருவருக்கு உடனே வேலை கிடைக்காமல் போவது வழக்கமாக நடப்பதால், முதல் ஓராண்டுக்காவது ஒரே சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. குற்றம், மருத்துவ வசதி பற்றிய குறியீடுகள் பார்வையாளர்களின் கருத்துக் கணிப்பிலிருந்து வருபவை; பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்ற கேள்விக்கு மக்கள் சொன்ன பதிலுக்கு மேல் அவற்றில் எதையும் தேட வேண்டாம்.

மாற்றுத் தளங்கள் உண்டா என்றால், உண்டு. நிறுவனங்கள் வெளிநாடு அனுப்பும் ஊழியர்களுக்குப் படி நிர்ணயிக்க மெர்சர் நிறுவனம் வெளியிடும் தரவரிசை செய்திகளில் அடிக்கடி வரும். நம்பியோவைப் போலவே அதுவும் மற்ற நகரங்களின் செலவை நியூயார்க்கோடு ஒப்பிட்டே அளக்கிறது. ஆனால் அது நிறுவனங்களின் கேள்விக்கான விடை, குடும்பங்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஒரு குடும்பக் கருவி எப்படி அமைய வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல முன்மாதிரி, ஏமி கிளாஸ்மியர் 2004-இல் உருவாக்கி, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத் தளத்தில் கிடைக்கும் வாழ்வூதியக் கணிப்பான், அதாவது ஒரு குடும்பம் வாழக் குறைந்தது எவ்வளவு ஊதியம் வேண்டும் என்று சொல்லும் கருவி. பெரியவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைக் கொண்டு 12 வகைக் குடும்பங்களாகப் பிரித்து, குழந்தைப் பராமரிப்பு, மருத்துவம், போக்குவரத்து, வரி ஆகிய எல்லாவற்றையும் அது தனித்தனியே காட்டுகிறது. அமெரிக்காவுக்கு வெளியே அது வேலை செய்யாது என்பதுதான் குறை. மற்றவர்கள் அதன் செலவுத் தலைப்புகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நம்பியோ விட்டுவிட்ட இடங்களைத் தாங்களே விசாரித்து நிரப்பலாம்.

வருமானப் பக்கத்தை நம்பியோ முழுமையாகக் கைவிட்டுவிடவில்லை. உள்ளூர் வாங்கும் திறன் என்ற குறியீடு, ஒரு நகரத்தின் சராசரிச் சம்பளத்தைக் கொண்டு அந்த நகரத்தின் விலைகளில் எவ்வளவு வாங்க முடியும் என்பதை நியூயார்க்கோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. குறியீடு 40 என்றால் நியூயார்க்கில் சராசரிச் சம்பளம் பெறுபவரை விட 60 சதவீதம் குறைவாகவே வாங்க முடியும் என்று பொருள். புதிய ஊரிலேயே வேலை தேடப்போகிற குடும்பம் செலவுக் குறியீட்டை விட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காரணம், விலை குறைந்த ஊர்களில் விலை குறைவாக இருப்பதற்கே கூலி குறைவாக இருப்பது பெரிய காரணம். பொருளியல் அறிஞர்கள் பேலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் 1964-இல் தனித்தனியே நாடுகளை வைத்து இதை விளக்கினார்கள்: எங்கும் கொண்டுபோய் விற்கக்கூடிய பொருள்களின் விலையில் இடத்துக்கு இடம் பெரிய வேறுபாடு இராது, முடிதிருத்துவது, வீட்டு வேலை போன்ற சேவைகளின் விலையே உள்ளூர்க் கூலியோடு ஏறி இறங்கும். நகரங்களுக்கிடையேயும் இதன் சாயலைப் பார்க்கலாம். கைபேசியும் கணினியும் விமானச் சீட்டும் புதிய ஊரில் உங்களுக்காக மலிந்துவிடப் போவதில்லை.

பழைய வேலையை வீட்டிலிருந்தே தொடர்ந்துகொண்டு மலிவான ஊருக்குப் போகிறவர்களுக்கு இரு ஊர்களுக்கும் இடையிலான இந்த விலை இடைவெளி முழுக்க ஆதாயம்தான், நிறுவனம் சம்பளத்தைக் குறைக்காத வரையில். ஊர் மாறுகிறவர்களின் சம்பளம் அந்த ஊருக்கேற்ப மாற்றப்படும் என்று ஃபேஸ்புக் 2020 மே மாதத்திலேயே வெளிப்படையாக அறிவித்தது. இந்த விஷயத்தில் தம் நிறுவனத்தின் நிலைப்பாட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் யாரும் வீட்டு உரிமையாளருக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது.

தளத்தில் எங்கும் இல்லாத கடைசிக் கணக்கு ஒன்றை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாமான்களை ஏற்றி இறக்கும் செலவு, புதிய முன்பணம், பள்ளிச் சேர்க்கைக் கட்டணம், ஒருவரது வேலை இடைவெளியில் இழக்கும் சம்பளம் ஆகிய ஒரே முறைச் செலவுகளைக் கூட்டி, மாத மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள். போட்ட பணம் திரும்ப எத்தனை மாதம் ஆகும் என்பது வரும். எங்கள் வீட்டில் அது மூத்த பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்கும் ஆண்டையும் தாண்டிப் போனதால், இப்போதைக்கு நாங்கள் இருக்கும் ஊரிலேயே மையத்தைவிட்டு ஒதுங்கிய ஒரு பகுதியில் வாடகை வீடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.