மின்சார லோடு வண்டி எடுக்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பழனியிலிருந்து கொடைக்கானல் கடைகளுக்கு அரிசி, மளிகை ஏற்றிப் போவேன். வரும்போது கேரட், பூண்டு. டீசல் கட்டுப்படியாகாமல் போன வருடம் மின்சார பிக்அப் ஒன்றைத் தவணையில் எடுத்தேன். எந்த ரோட்டில் ஓட்டுவேன் என்று சொல்லித்தான் விசாரித்தேன். "ஒரு சார்ஜுக்கு 140 கிலோமீட்டர் கேரண்டிண்ணே, மலைக்குப் போய்ட்டு அப்படியே இறங்கிடலாம்" என்றார் ஷோரூம் தம்பி. போக 64, வர 64. நம்பிவிட்டேன்.

முதல் நடையிலேயே உண்மை தெரிந்தது. 700 கிலோ ஏற்றி, முழு சார்ஜில் கிளம்பினேன். பெருமாள்மலை வரும்போது 6 சதவீதம்தான் இருந்தது. வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்து ஊர ஆரம்பித்தது. அந்த வளைவுகளில், பின்னால் பஸ்கள் ஹாரன் அடிக்க, எனக்குக் கை நடுங்கிவிட்டது. தெரிந்த டீக்கடை அண்ணன் 15 ஆம்ப் பிளக் கொடுத்தார். இரண்டு மணி நேரம் போட்ட பிறகுதான் மீதி தூரம் ஏற முடிந்தது. வழியில் ஒரு ஹோட்டல் வாசலில் சார்ஜர் இருந்தது, ஆனால் அதில் இருந்த கன், அதாவது வண்டியில் செருகும் சார்ஜர் முனை, கார்களுக்கான சிசிஎஸ் 2 வகை. என் வண்டியில் செருகவே முடியாது. இதையும் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் அக்கா மகன் கணக்குப் போட்டுக் காட்டினான். வண்டியும் சரக்கும் சேர்ந்து 2 டன். அதை 1,800 மீட்டர் உயரம் ஏற்ற மட்டுமே கிட்டத்தட்ட 10 யூனிட் கரண்ட் வேண்டும். என் பேட்டரியே 20 யூனிட்தான். ரோட்டில் ஓடுவதற்கு ஆவது தனி. இறங்கும்போது பிரேக் பிடித்தால் பேட்டரியில் கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஏறும் என்பது உண்மை, ஆனால் அது மேலே போய்ச் சேர்ந்த பிறகு நடக்கிற விஷயம். நோட்டீஸில் போட்டிருக்கும் கிலோமீட்டர் சோதனைக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தது. மலை ஏற்றம் அந்தக் கணக்கில் கிடையாது.

ஷோரூமில் போய்க் கேட்டால், "மலைக்கு நாங்க சொல்லவே இல்லையே" என்கிறார்கள். எழுதி வாங்காதது என் தப்பு. நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். உங்கள் சரக்கை ஏற்றி, உங்கள் ரோட்டிலேயே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த கன், சர்வீஸ் எந்த ஊரில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் போனபோது உள்ளூர் மெக்கானிக் யாரும் தொடவில்லை. கோயம்புத்தூருக்கு இன்னொரு லாரியில் ஏற்றி அனுப்பி 11 நாள் காத்திருந்தேன்.

சமதளத்தில் வண்டி நன்றாகவே ஓடுகிறது, செலவும் குறைவு, பெர்மிட் தொல்லையும் இல்லை. அதனால் இப்போது ஒட்டன்சத்திரம் மார்க்கெட் நடைக்கு மட்டும் வைத்திருக்கிறேன். கொடைக்கானலுக்கு மச்சானின் பழைய டீசல் வண்டியை வாடகைக்கு எடுக்கிறேன். தவணை இன்னும் 41 மாதம் இருக்கிறது.