மண்டபத்து டிரான்ஸ்பார்மருக்கு எர்த்திங் போட்ட பொள்ளாச்சி டீம்: நாலு ஸ்டார், ஒரு ஸ்டார் பிடித்தம்

கொழிஞ்சாம்பாறை பக்கம் எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது, சொந்த டிரான்ஸ்பார்மர், 160 கேவிஏ. போன தை மாதம் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி சமையல்காரர் கிரைண்டரைத் தொட்டவர் கையை உதறிக்கொண்டு வந்தார், "சுரீர்னு அடிக்குதுங்க தம்பி". வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, லைட் எல்லாம் சரியாக எரிகிறது, நியூட்ரல் (கரன்ட் திரும்பிப் போகும் கம்பி) நன்றாக இருக்கிறது, கிரைண்டர்தான் கோளாறு என்று போய்விட்டார். கிரைண்டரும் கோளாறுதான், அதை மாற்றியாயிற்று. ஆனால் கோளாறான கிரைண்டர் ஏன் எம்சிபியை (அளவுக்கு மீறிக் கரன்ட் ஓடினால் தானே விழும் ஸ்விட்ச்) தட்டிவிடவில்லை என்று கேட்க எனக்கும் அப்போது தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை.

அதை முதலில் கேட்டது இந்தப் பொள்ளாச்சி டீம்தான், அதுவும் போனிலேயே. மார்ச் கடைசியில் வருகிறோம், அதுவரை எர்த் குழிக்கு (கரன்ட்டை மண்ணுக்குள் இறக்கப் பைப் புதைத்த குழி) தண்ணீர் ஊற்றாதீர்கள் என்றார்கள். எங்களிடம் இருந்த பழைய ரிப்போர்ட் ஆடிச் சாரலில் எடுத்தது, குழியின் தடை 2.5 ஓம் (குறைந்தால்தான் நல்லது) என்று அழகாக டைப் அடித்து சீல் வைத்திருந்தது. மண் நனைந்திருந்தால் எந்தக் குழியும் நல்ல குழியாகத்தான் தெரியும், விதியே கோடையில் காய்ந்த நாளில் அளக்கச் சொல்கிறது. பாலக்காட்டு மார்ச் வெயில் தெரியுமல்லவா, அந்த வெயிலில் ஏபி ஸ்விட்சை (டிரான்ஸ்பார்மருக்கு வரும் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இறக்கி, ஒவ்வொரு குழியையும் அதற்கு இறங்கும் உலோகப் பட்டையிலிருந்து கழற்றி, தூரத்தில் இரண்டு கம்பி அடித்து எர்த் மெக்கரில் (குழியின் தடையை அளக்கும் மீட்டர்) பார்த்தால் நியூட்ரல் குழி 14 ஓம், பாடி குழி (டிரான்ஸ்பார்மரின் இரும்புக் கூட்டுக்கும் மண்டபத்து எர்த் கம்பிக்கும் ஆனது) 9. கழற்றாமல் அளந்தால் எல்லாம் சேர்ந்து நல்ல நம்பராகத்தான் காட்டுமாம், இந்த இடத்தில்தான் பலர் ஏமாற்றுகிறார்கள் என்றார்கள்.

அப்புறம் பட்டையைத் தொடர்ந்து தோண்டினார்கள். நியூட்ரலுக்கு இரண்டு தனி பட்டை, இரண்டு தனி குழி இருக்க வேண்டும், டிரான்ஸ்பார்மர் பாடிக்கும் அதே போல் இரண்டு. மத்திய மின்சார ஆணைய விதிகளிலும் இரண்டு தனித்தனி இணைப்பு என்றுதான் இருக்கிறது. எங்களுக்கு நியூட்ரலிலிருந்து இரண்டு பட்டை இறங்கியது உண்மைதான், மண்ணுக்குள் போய் இரண்டும் ஒரே குழியில் சேர்ந்துவிட்டன! அதிலும் ஒன்றைத் துரு தின்றிருந்தது, இழுத்தால் கையோடு வந்தது. முதலில் வேலை செய்த காண்ட்ராக்டர் கணக்குக் காட்டப் பட்டை இறக்கியிருக்கிறார், குழிக்குக் காசு வாங்கிக்கொண்டு.

அதைவிடப் பெரிய விஷயம், நியூட்ரல் குழியையும் பாடி குழியையும் இணைக்கவே இல்லை, நடுவில் இருந்தது வெறும் மண். டீமில் ஒரு பையன் (பையன் என்றால் 40 வயது இருக்கும்) என் டைரியை வாங்கிக் கணக்குப் போட்டான். 14ம் 9ம் 23 ஓம், கிரைண்டர் முழுசாக லீக் ஆனால் 230 வோல்ட்டை 23ஆல் வகுத்து 10 ஆம்பியர். "உங்க எம்சிபி 16 ஆம்பியருங்கண்ணா, அது எதுக்குத் தட்டும்?" தட்டாது, 10 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், கிரைண்டர் மேல் 90 வோல்ட் நிற்கும், கீழே ஈரத் தரையில் வெறுங்காலோடு சமையல்காரர். எனக்கு வியர்த்துவிட்டது. நியூட்ரலுக்கு எர்த் கெட்டுப்போனாலும் லைட் பாட்டுக்கு எரியும், ஃபேன் பாட்டுக்குச் சுற்றும், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

வேலை என்று பார்த்தால் புதிதாக மூன்று குழி, லைட்னிங் அரெஸ்டருக்கு (மின்னலை மண்ணுக்கு இறக்கும் கருவி) தனியாக ஒன்றையும் சேர்த்து இப்போது மொத்தம் ஐந்து, எல்லாவற்றையும் சுற்றி ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டை ஓட்டி டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நியூட்ரலோடு கட்டியிருக்கிறார்கள். இனி லீக் ஆனால் கரன்ட் மண்ணைத் தேடிப் போகாது, பட்டை வழியாக நூற்றுக்கணக்கான ஆம்பியராகத் திரும்பும், எம்சிபி உடனே விழும். ஒவ்வொரு டிபியிலும் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிடலாமே என்று அக்கா மகன் கேட்டான், அது கூடவே கூடாது, ஒரே இடத்தில்தான், இல்லாவிட்டால் நியூட்ரல் கரன்ட் எர்த் கம்பியிலும் ஓடும், ஈஎல்சிபியும் (கரன்ட் லீக் ஆனால் விழும் ஸ்விட்ச்) காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும் என்றார்கள். சமையலறைக்கு 30 மில்லி ஆம்பியர் ஈஎல்சிபி ஒன்று தனியாகப் போடச் சொன்னார்கள், போட்டாயிற்று.

குழிக்குள் பைப்பைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டுக் குறைந்த விலையில் முடித்துத் தருகிறேன் என்று இன்னொருவர் சொன்னார். அதுவும் வேலை செய்யும்தான், ஆனால் உப்பு மழையில் கரைந்து போகும், போவதற்குள் பைப்பையும் தின்றுவிடும். இவர்கள் பென்டோனைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் களிமண்) போட்டார்கள். மேல் ஒரு மீட்டர் கரிசல், அதற்குக் கீழே சுக்காங்கல், 3 மீட்டர் பைப் இறக்க ஒரு குழிக்கே அரை நாள் ஆனது. குழிக்குக் குழி 6 மீட்டர் விட வேண்டும், பைப் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு, அதனால் ஒரு குழி கார் நிறுத்தும் இடத்துக்கு நடுவில் வந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம்தான், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இரண்டு குழியும் ஒரு குழி மாதிரிதான் வேலை செய்யுமாம். எல்லாம் சேர்த்துக் கட்டியபின் 0.9 ஓம், என் கண் முன்னால் அளந்தது.

இனி பிடித்தம் எதற்கு? இரண்டு நாள் வேலை ஐந்து நாள் ஆனது, நடுவில் ஒரு நாள் போனே எடுக்கவில்லை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட கேரளா லைசென்ஸ் உள்ள ஆளை நானே தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது, எல்லை தாண்டி வேலைக்கு வருகிறவர்கள் இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா? நீங்கள் கேரளா பக்கம் என்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். குழி மூடி மூன்றில் ஒன்று உடைந்தே வந்தது, மாற்றித் தருகிறோம் என்று சொல்லி இரண்டு மாதம் ஆகிறது, இப்போதைக்கு அந்தக் குழி மேல் அம்மாவின் பழைய ஆட்டுக்கல்லை வைத்திருக்கிறேன்.