‘மேல என்ன போடணும், டீச்சர்?’ – சிம்மக்கல் பக்கத்தில் ஒரு பத்திரிகைக் கடை

தம்பி கல்யாணத்துக்கு எங்கே பத்திரிகை அடித்தீர்கள் என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, எழுதியே விடுகிறேன். கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். “தை பிறந்தா வர்ற கூட்டத்துக்கே உட்கார இடம் இல்ல, நீங்க வேற டீச்சர்.” அதனால் வழி மட்டும்: மதுரை வடக்கு மாசி வீதியிலிருந்து சிம்மக்கல் பக்கம் போகும் சந்துகளில் ஒன்று. கீழே பாத்திரக் கடை, மாடியில் இவர். படி செங்குத்து. முழங்கால் வலிக்காரர்களைக் கூட்டிப்போகாதீர்கள். போன் செய்தால் ஆல்பத்தைக் கீழே கொண்டுவந்து காட்டுவார்.

நான் மேலூர் பக்கம் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா இல்லை, அதனால் தம்பி கல்யாணம் என் தலையில். அவனுக்குக் கல்லூரி நாளிலிருந்தே சாமி நம்பிக்கை கிடையாது. பெண் பசுமலை, சி.எஸ்.ஐ. குடும்பம். அவளும் சர்ச்சுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. இரண்டு பேரும் கேட்டது ஒன்றுதான்: பத்திரிகையில் எந்தச் சாமியும் வேண்டாம்.

முதலில் வேறொரு கடைக்குப் போனேன். எது என்று சொல்லப்போவதில்லை. “மேல ஒண்ணும் இல்லாம அடிச்சா கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கும்மா” என்றார். கருமாதிப் பத்திரிகையில்கூட ‘சிவமயம்’ இருக்குமே என்றேன். சிரிக்கவில்லை. ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து வந்த புரூஃபில் உச்சியில் ‘உ’ உட்கார்ந்திருந்தது. எடுக்கச் சொன்னால், அது ஸ்பெஷல் மேட்டர், தனியாக முந்நூறு ஆகும் என்றார். பூஜ்யமும் ஓர் எண் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். வெற்று இடத்துக்கு எக்ஸ்ட்ரா காசு என்றால் எப்படி ஒத்துக்கொள்வது? அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று வந்துவிட்டேன்.

சிம்மக்கல் அண்ணாச்சியிடம் போனபோது கொஞ்சம் சண்டைக்குத் தயாராகவே போனேன். ஆளைப் பார்த்ததும் இன்னும் தயாரானேன்: நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்திராட்சம், கல்லாவுக்கு மேலே பழனி முருகன். அவர் ஆல்பத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: “மேல என்ன போடணும், டீச்சர்?”

“ஒண்ணும் வேண்டாம்.”

“சரி” என்று எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

அந்த ஆல்பத்துக்கே தனியாக மார்க் போட வேண்டும். மற்ற கடைகளில் கார்டு டிசைன்தான் ஆல்பம். இவரிடம் ‘தலை’க்கென்றே ஒரு ஃபைல் இருக்கிறது. பிள்ளையார் சுழி, மீனாட்சி சுந்தரேஸ்வரர் துணை, பாண்டி முனீஸ்வரர் துணை, பதினெட்டாம்படிக் கருப்பணசாமி துணை, ஒச்சாண்டம்மன் துணை என்று குலசாமிகளே நாலு பக்கம். அப்புறம் ‘இயேசு மரி சூசை துணை’. அதற்கு எதிர்ப்பக்கம் சிலுவைப் படமே இல்லாமல் வசனம் மட்டும், பெந்தெகொஸ்தேக்காரர்கள் கேட்பார்களாம். வள்ளலார் வழிக்காரர்களுக்கு அருட்பெருஞ்ஜோதி, அய்யாவழிக்காரர்களுக்கு ‘அய்யா துணை’. பெரியார் படம் போட்டது ஒன்று. கடைசியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு வெள்ளைத் தாள். அதுவும் ஒரு மாடல்தான் என்றார். கடையில் அதற்குப் பேர் ‘மொட்டைத் தலை’.

786 பற்றி அவர் சொன்னதைக் கேட்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். சில முஸ்லிம் வீட்டில் பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாக 786 என்ற எண்ணைப் போடச் சொல்வார்கள், ஏனென்றால் பத்திரிகை கடைசியில் குப்பைக்குத்தான் போகும், இறைவன் பெயர் குப்பையில் கிடக்கக் கூடாது. இன்னும் சில வீட்டில் எண் போட்டால் கோபம் வரும், அது மார்க்கத்தில் இல்லாதது, பிஸ்மில்லாஹ்வை முழுசாகப் போடு என்பார்கள். “ரெண்டு பேரும் அல்லாவுக்கு மரியாதைன்னுதான் சொல்றாங்க. நான் யாரு இதுல தீர்ப்புச் சொல்ல? கேக்குறதைப் போடுவேன்.” ஒரே மதத்துக்குள் இத்தனை வகை என்றால், ‘இந்து மாடல், கிறிஸ்டியன் மாடல், முஸ்லிம் மாடல்’ என்று மூன்று கட்டாகப் பிரித்து வைக்கும் கடைகள் எதைப் பிரிக்கின்றன என்று தெரியவில்லை.

ஒரு குறை: வெற்றுக் கார்டு வகை குறைவு. சிவகாசியிலிருந்து வரும் கார்டுகளில் முக்கால்வாசிக்கு முன்பக்கத்திலேயே பிள்ளையாரை அச்சில் எழுப்பித்தான் அனுப்புகிறார்கள். மீதியில் மணியும் புறாவும். ‘பொது’ என்று காட்டியவற்றில் குத்துவிளக்கு இருந்தது. குத்துவிளக்கு பொதுவா என்று தம்பி கேட்டான். பசுமலையில் சிலுவை வைத்த குத்துவிளக்கு எங்கள் வீட்டிலேயே இருக்கிறது என்றாள் அவள். கடைசியில் மாவிலைத் தோரணத்தில் இரண்டு பேரும் சமாதானம் ஆனார்கள்.

அடுத்து அண்ணாச்சி கேட்ட கேள்வியை வக்கீல் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். பெண் வீட்டுப் பெயர்களைப் படித்துவிட்டு, “நோட்டீஸ் கொடுத்தாச்சா? முப்பது நாள் முடிஞ்சு தேதி போட்டிருக்கீங்களா?” என்றார். அதுவரை எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. மேடையில் மாலை மாற்றிக்கொண்டால் சுயமரியாதைத் திருமணம், சட்டப்படி செல்லும் என்றே நினைத்திருந்தோம்.

செல்லும்தான், ஆனால் எங்களுக்கு இல்லை. அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-ஆம் வருஷம் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். புரோகிதர் தேவையில்லை, அக்கினி தேவையில்லை. உறவினர் நண்பர் முன்னால் மாலை மாற்றினாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ போதும். நல்ல சட்டம், எத்தனையோ குடும்பத்தை வாழவைத்த சட்டம். ஆனால் அதில் ‘இரண்டு இந்துக்களுக்கு இடையே’ என்று இருக்கிறது. பௌத்தர், சமணர், சீக்கியரும் அந்தக் கணக்கில் வருவார்கள். கிறிஸ்தவராகப் பிறந்து சாமியை விட்டவள் வரமாட்டாள். ஆக, புரோகிதரும் மந்திரமும் வேண்டாம் என்பவர்களுக்காக வந்த கதவு, அதற்குள் நுழைய முதலில் இந்துவாக இருக்க வேண்டும். இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் ரொம்ப நேரம் பேசவில்லை.

மீதி வழி 1954-ஆம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டம். நோட்டீஸ் கொடுத்து முப்பது நாள் காத்திருக்க வேண்டும், கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முடிக்க வேண்டும். பெயர், விலாசத்தோடு அது பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். வயது, ஏற்கெனவே கல்யாணம் ஆனது என்று சட்டம் சொல்லும் காரணங்களுக்குத்தான் ஆட்சேபம் செய்யலாம். ஆனால் போர்டைப் படிக்கிறவர் எல்லாம் சட்டம் படித்துவிட்டா வருகிறார்? யாரோ படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்து அழவைத்தார்கள். 1872-ஆம் வருஷத்து கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதுமே, அந்த வழியில் முடிக்கலாமே என்று சம்பந்தி ஒரு சமாதானம் சொன்னார். பிள்ளைகள் ஒப்பவில்லை.

அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவில் மதத்துக்கு முன்னால் மனச்சான்றுதான் வருகிறது. எல்லோருக்கும் ‘சமமாக’ என்ற சொல்லும் அதிலேயே இருக்கிறது. இது எனக்குத் தெரிந்தது ஒரு பையனால். என் வகுப்பில் தேசிய கீதத்துக்கு விறைப்பாக நிற்பான், வாய் மட்டும் அசையாது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பம், தேசிய கீதம் பாடுவது அவர்கள் நம்பிக்கைக்கு ஆகாது. அவனை என்ன செய்வது என்று ஆசிரியர் அறையில் பெரிய பேச்சு. தேடிப் பார்த்தால், கேரளாவில் இதே காரணத்துக்காக மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கி, அது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1986-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தப் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அந்த நம்பிக்கை நம் புத்திக்கு ஏற்கிறதா என்பது கேள்வி இல்லை, அவர்கள் அதை உண்மையாக நம்புகிறார்களா என்பதே கேள்வி என்று அதில் இருக்கிறது. எனக்கு அந்தப் பையனின் நம்பிக்கை இன்றுவரை புரியவில்லை. அவன் நிற்கிற நிற்பு புரிகிறது. தம்பிக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயம் என்று என்னால் வைக்க முடியாது.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். சட்டப் பிரிவெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. (கடைக்குள் வருகிறவரை மதம், சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்று 15-ஆவது பிரிவு சொல்கிறது என்றேன். “படியேறி வர்றவங்களை யாரு தடுக்குறது? படிதான் தடுக்குது” என்றார்.) அவருக்கும் மனச்சான்று இருக்கிறதே, எல்லாவற்றையும் அடிப்பீர்களா என்று கேட்டேன். கடவுள் மறுப்புக் கூட்டத்து நோட்டீஸ் வரும்போது உதவியாளர் பையனிடம் கொடுத்துவிட்டுக் கீழே டீக்கடைக்குப் போய்விடுவாராம். டீ குடித்து வருவதற்குள் மேட்டர் ஏறியிருக்கும். வந்தவருக்கு அதே ரேட், அதே நாள் டெலிவரி. திருப்பி அனுப்பியது ஒரே ஒரு நோட்டீஸ்தானாம்: இன்ன மதத்துக்காரன் கடையில் சாமான் வாங்காதே என்று. கொண்டுவந்தது அவர் பாதயாத்திரைக் குழு ஆள். “சாமி இல்லைன்னா சாமி பாத்துக்கும் டீச்சர். மனுஷன்கிட்ட வாங்காதேன்னா அவன் பிள்ளைகுட்டி என்ன செய்யும்?”

இதற்கிடையில் வீட்டில் அம்மா ஒரே பிடி. பிள்ளையார் சுழி இல்லாத பத்திரிகையோடு அண்ணன் வீட்டு வாசலில் நிற்க மாட்டேன் என்றாள். பசுமலை சம்பந்தி ஒரே ஒரு வசனமாவது வேண்டும் என்றார். தம்பி முறைத்துக்கொண்டான், நம்ம கொள்கை என்ன ஆவது என்று. உனக்கு இருக்கிற மனச்சான்று அம்மாவுக்கு இருக்காதாடா என்று கேட்டேன். அண்ணாச்சி வழி சொன்னார்: மேட்டர் ஒன்று, தலை மூன்று. முந்நூறு மொட்டை, நூற்று இருபதில் ‘உ’வும் குலசாமியும், எண்பதில் வசனம். கூடுதல் தலை ஒவ்வொன்றுக்கும் பிளேட் செலவு இருநூற்று ஐம்பது. மொட்டைக்கு எக்ஸ்ட்ரா கிடையாது. அம்மாவின் கட்டுக்கு மட்டும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, காயவைத்து, தனி நூலில் கட்டிக் கொடுத்தார். சம்பந்தி கட்டில் அந்த மஞ்சள் ஒரு துளி ஒட்டவில்லை. பக்கத்துப் பக்கத்தில் அடுக்கிய கட்டுகள்.

கார்டு கவரோடு பதினாலு ரூபாய். சந்தை விலைதான், மலிவு என்று சொல்ல மாட்டேன். ஐந்துக்கு நாலு மார்க். ஒன்று ஏன் குறைத்தேன் என்றால், வசனம் போட்ட எண்பதில் ‘பசுமலை’ ‘பசுமாலை’ ஆகிவிட்டது. புரூஃபில் நான் திருத்திய பிழை அது. காசு வாங்காமல் திரும்ப அடித்தார், ஆனால் இரண்டு நாள் போனது, சம்பந்தி இரண்டு நாளும் போன் செய்தார். கவரின் பசையும் மோசம், பாதியை நாங்கள் கம் வைத்து ஒட்டினோம். ஜிபே உண்டு. சித்திரைத் திருவிழா வாரத்தில் போகாதீர்கள், அவரே இருக்க மாட்டார்.

பதினோரு மொட்டைக் கார்டு மீந்தது. பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் அம்மா அதில் பால் கணக்கு எழுதுகிறாள். ஒவ்வொரு கார்டிலும் மேலே ‘உ’ போட்டுத்தான் ஆரம்பித்திருக்கிறாள்.