லெவியா, குறைந்தபட்சச் சம்பளமா?
மலேசியாவில், பிறையில் ஃபேக்டரி வேலை பார்க்கும் மாமாவின் சம்பளச் சீட்டில் அடிப்படை 1,700 வெள்ளி (ரிங்கிட்), பக்கத்து மெஷினில் நிற்கும் நேப்பாளத் தம்பிக்கும் அதேதான். அந்நியத் தொழிலாளர் வருவதால் நம் ஆட்களின் சம்பளம் அமுங்காமல் இருக்க எது உதவும்? லெவியை, அதாவது வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைப்பதற்கு அரசாங்கத்துக்குக் கட்டும் வரியை, ஏற்றினால் அவர்களை எடுக்கும் செலவு கூடும், 2018 முதல் அதை முதலாளிதான் கட்ட வேண்டும், சரி, ஆனால் அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகுமே தவிர மாமா கைக்கு வராது. குறைந்தபட்சச் சம்பளம் நேராகக் கைக்கு வரும். தீபகற்பத்தில் 2013இல் 900, 2025இல் 1,700, அதுவும் இருவருக்கும் ஒரே அளவு. அப்புறம், அந்தத் தம்பியின் பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டிப்போட்டது, ஓவர்டைம் காசு குறைந்தாலும் வேறு வேலைக்குத் தாவ முடியாது, அவன் வாய் திறக்காதவரை மாமாவின் பேச்சும் எடுபடாது. அந்தக் கட்டை அவிழ்க்காமல் லெவியை மட்டும் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியவில்லை.