காலடிப்பேட்டை டூ லண்டன்: நேர் விமானமா, துபாய் வழியா?

எங்கள் வீடு வடசென்னையில், காலடிப்பேட்டையில். மகள் லண்டனில் இருப்பதால் நானும் வீட்டுக்காரம்மாவும் இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டோம். முதல் தடவை நேர் விமானம், அடுத்த தடவை துபாயில் இறங்கி ஏறுவது. இப்போது மூன்றாவது பயணத்துக்கும் துபாய் வழியாகவே டிக்கெட் போட்டாயிற்று. "நேரா போறதை விட்டுட்டு ஏன் சார் சுத்துறீங்க?" என்று தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள்.

சுற்று பெரிதில்லை. மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு வானில் நேராக அளந்தால் சுமார் 8,230 கி.மீ. துபாய்க்கு 2,930, அங்கிருந்து ஹீத்ரோவுக்கு 5,500. ஆக, கூடுதல் தூரம் 200 கி.மீ.தான். விமானத்துக்கு அது கால் மணி நேரம்.

பயண நேரத்தில் நேர் விமானம்தான் ஜெயிக்கும். சுமார் பதினோரு மணி நேரத்தில் சேர்த்துவிடும். துபாய் வழியென்றால் நாலு, ஏழரை, நடுவில் மூன்று மணி நேரக் காத்திருப்பு. கட்டணம் சீசனுக்குச் சீசன் மாறும், அதை விடுங்கள்.

என் கணக்கு கிளம்பும் நேரத்தில் இருக்கிறது. நாங்கள் போன நேர் விமானம் விடியற்காலை ஐந்தரைக்கு. மூன்று மணி நேரம் முன்னதாகவே விமான நிலையத்தில் நிற்க வேண்டும். மெட்ரோவோ காலை ஐந்துக்குத்தான் ஓடத் தொடங்கும். நள்ளிரவு ஒரு மணிக்கு டாக்சி தேடினால், காலடிப்பேட்டை என்றதும் இரண்டு பேர் கேன்சல் செய்தார்கள். மூன்றாவது ஆள் வந்தார்; துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நகர்ந்து போய்ச் சேர்ந்தோம். பொட்டுத் தூக்கமில்லை. லண்டனில் இறங்கினால் அங்கே நண்பகல்! மகள் வேலையில், நாங்கள் சோபாவில் சாமியாடிக்கொண்டு. உடம்பு தேற நாலு நாள் ஆனது.

துபாய் விமானம் காலை பத்து மணிக்கு. அதிகாலையிலேயே மெட்ரோவில் ஏறினோம். எங்கும் மாற வேண்டியதில்லை, ஒரு மணி நேரத்தில் விமான நிலையத்துக்குள்ளேயே இறக்கிவிட்டது. பெட்டிகளைத் தூக்க தம்பி மகன் கூட வந்தான். அவன் இல்லாவிட்டால் இதை இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன். லண்டனில் இறங்கும்போது இரவு. ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்தோம், காலையில் எழுந்தபோது லண்டன் நேரத்துக்கு உடம்பு பழகியிருந்தது.

ஒன்று முக்கியம்: இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள். அப்போதுதான் பெட்டி நேரே லண்டன் போகும், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. முட்டிவலி உள்ளவர்கள் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். துபாயில் நடை அதிகம், பாதுகாப்புச் சோதனையும் மறுபடி உண்டு.

திரும்பி வர மட்டும் நேர் விமானம் தேவலை. மேற்கிலிருந்து வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் ஒரு மணி நேரம் வரை மிச்சமாகும். இப்படி ஒரு தடவைதான் வந்திருக்கிறேன். விடியற்காலை நாலு மணிக்கு இறங்கினோம். பெட்டி வர அன்று முக்கால் மணி நேரம் ஆனது. சலித்துக்கொண்டே வெளியே வந்தால், முதல் மெட்ரோ கிளம்பத் தயாராக நின்றது.