நனைந்தால் தெரியும் துணியின் குணம்

கடையில் விரலால் தேய்த்துப் பார்த்தால் தெரிவது புதுத்துணியின் மெருகு மட்டும்தான். நூறு சலவை தாண்டிய துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறொன்று புரியும்: ஈரத்தில் இழை எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அதன் ஆயுள்.

பருத்தி நனைந்தால் வலு கூடும். கல்லில் அடித்துத் துவைத்தும் வேட்டி ஆண்டுக்கணக்கில் தாங்குவது அதனால்தான். காயத் தாமதமாவதுதான் அதன் குறை. ஐப்பசி மழையில் அரைகுறையாகக் காய்ந்து மடித்த துணி வீச்சமடிக்கும், கரும்புள்ளி விழும். கஞ்சி போட்டதை அப்படியே பீரோவில் அடுக்கினால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. துவாலைக்கு கண்டிஷனர் ஊற்றவே கூடாது. மிருதுவாக இருக்கும், ஆனால் இழைமேல் படலம் படிந்து தண்ணீரை உறிஞ்சாது. சலவை சோடா கலந்த வெந்நீரில் ஓரிரு முறை அலசினால் ஓரளவு மீளும்.

ரேயானும் பருத்தியைப் போல தாவர நார்ப்பொருளான செல்லுலோஸ்தான். ஆனால் சாதாரண ரேயான் நனைந்தால் ஏறத்தாழ பாதி வலுவை இழக்கும். ரேயான் நைட்டி அக்குளிலும் தையல் ஓரத்திலும் முதலில் கிழிவதற்கு ஈரத்தில் பிரஷ் போட்டுத் தேய்ப்பதே முக்கியக் காரணம். முறுக்கிப் பிழியாமல் அமுக்கி நீரை எடுக்க வேண்டும். சொட்டச் சொட்ட ஹேங்கரில் மாட்டினால் நீரின் கனத்தில் நீளம் இறங்கிவிடும். கொடியில் இடுப்போடு மடித்துப் போடுவது மேல்.

பாலியஸ்டர் சாதாரண அறைக்காற்றில் தன் எடையில் சுமார் 0.4% ஈரம்தான் ஏற்கும்; பருத்தி 7-8%. அதனால் சட்டென்று காயும், சுருங்காது. ஆனால் உடம்பின் எண்ணெய்ப் பசையை விடாது. துவைத்த சட்டையைப் போட்டு வெயிலில் இறங்கியதும் பழைய வியர்வை நாற்றம் எழுவது இதனால்தான். துவைக்கும் முன் அரை மணி நேரம் சோப்புத்தூள் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவிட்டால் குறையும். பருத்தி கலந்த பாலி-காட்டனில் காலர் மடிப்பில் நூல் உருண்டைகள் நிற்கும். தனிப்பருத்தியில் அவை உதிர்ந்துவிடும். கலப்பில் பாலியஸ்டர் இழை அறாமல் பிடித்துக்கொள்கிறது.

கம்பளியின் கதை தனி. எடையில் 16% வரை ஈரம் வாங்கியும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, நாற்றமும் எளிதில் ஏறாது. ஊட்டிப் பனிக்கு அதனால்தான் அத்தனை பொருத்தம். ஆனால் இழையின் மேல் செதில்கள் உண்டு. சூடான நீரும் சேர்ந்து கசக்கலும் கிடைத்தால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பெரியவர் ஸ்வெட்டர் பிள்ளைக்குரியதாகிவிடும், திரும்ப நீட்ட முடியாது. 30 டிகிரிக்கு மேல் நீர் வேண்டாம். சலவை சோடாவும் குளோரின் பிளீச்சும் ஆகவே ஆகாது. பிளீச் இழையையே கரைத்துவிடும். பூந்திக்காய் நீர் போதும். தரையில் துண்டு விரித்து அதன்மேல் பரப்பி, நிழலில் உலர்த்த வேண்டும். வியர்வைக் கறையோடு எடுத்து வைத்தால் அந்துப்பூச்சி முதலில் அங்கேதான் அரிக்கும்.

மலிவு விலையில் கம்பளி என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை இழை. உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகிய வாடையோடு எரிந்து, நசுக்கினால் பொடியாகும் கரியைத் தரும். அக்ரிலிக்கும் பாலியஸ்டரும் உருகிக் கெட்டி மணியாகும். பருத்தியும் ரேயானும் காகித வாடையுடன் மெல்லிய சாம்பலாகும். நெய்த துணியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூல் இரண்டையும் தனித்தனியே கொளுத்த வேண்டும். பாவு ஒன்று, ஊடை வேறொன்று என்று நெய்வதும் உண்டு.