கீழக்கரை பழைய இசைத்தட்டுக் கடை: எதை எடுக்கலாம், எதை விடலாம்

பழைய சாமான் கடையின் பின்கட்டில்தான் சினிமா இசைத்தட்டுகள். ஹிட் பாட்டுகளைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். ஓடாத படங்கள், டப்பிங் படங்கள், கதை வசனத் தட்டுகள் வேண்டுமா, தாராளமாகப் போகலாம்.

கடைக்காரர் போட்டுக் காட்டுவார். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி. 78 வேகத் தட்டுக்கு (நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டு) ஏறக்குறைய 3 மில் முனை வேண்டும்; ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்பிக்கான (பிறகு வந்த, மெதுவாகச் சுழலும் வினைல் பிளாஸ்டிக் தட்டு) 0.7 மில் முனை, 78 தட்டில் ஒலி பதிந்த பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும். எனவே அங்கே கேட்ட கரகரப்பை நம்பி ஒதுக்காதீர்கள். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: பள்ளம் சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்துவிட்டது, பளபளத்தால் எடுக்கலாம்.

கடற்காற்றின் ஈரத்தில் உறையெல்லாம் பூஞ்சை. வினைல் என்றால் பெரும்பாலும் போய்விடும்: காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் நீரில் அலசுங்கள். லேபிள் நனையக் கூடாது. ஸ்பிரிட்டை 78 பக்கமே கொண்டுபோகாதீர்கள், அரக்கு கரையும். (கடையில் அதைத்தான் வைத்துத் துடைக்கிறார்கள், கொடுமை!)

உறை ஒன்று, தட்டு ஒன்று என்பது இங்கே சகஜம். இரண்டிலும் அச்சிட்ட பட்டியல் எண்ணை ஒத்துப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். படுக்கையாக அடுக்கியிருப்பதால் அடியில் கிடப்பவை வளைந்திருக்கும், மேலிருந்து எடுங்கள்.